தேடியதற்குச் சாட்சி

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பக்கம் ஏதாவதொரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். வாசல் மரத்தடியில், பைக் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து ஓர் இளைஞர் எழுதிக்கொண்டிருப்பார். பேனா பக்கத்தில் நிற்பவருடையது. எழுதுவது சுய உறுதிமொழி ஆவணம். எந்த வேலையிலும் இல்லை, சொந்தத் தொழிலும் செய்யவில்லை என்று ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தந்தால்தான் தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை தொடர்ந்து வரும்.

தொகை எவ்வளவு? பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பட்டதாரிக்கு நாளொன்றுக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல். பொதுப் பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கல்லூரியில் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கவும் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. பொதுப் பிரிவினர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அதுவரை பதிவை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். போன வாரம் எந்தக் கம்பெனி வாசலில் நின்றாய், எத்தனை விண்ணப்பம் போட்டாய் என்ற கேள்வியே இல்லை. பதிவு உயிரோடு இருந்தால், நீங்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கணக்கு.

அந்தப் பதிவு என்ன பாடு படுத்தும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் சித்தப்பா தட்டச்சில் ஹையர் முடித்துப் பதிந்தவர். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே எட்டு ஆண்டு காத்திருந்தார். ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய மாதத்தில் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தேதியை மறந்துவிட்டார். நினைவு வந்து ஓடினால், "புதுசாப் பதிஞ்சுக்குங்க" என்று ஒரே வார்த்தை. எட்டு வருடப் பதிவு சீனியாரிட்டி அந்த அலுவலக ஜன்னல் முன்னால் போயிற்று. அவர் தேடியதும் உண்மை, காத்திருந்ததும் உண்மை. பதிவு அட்டையில் முத்திரை மட்டும் இல்லை.

இதே கேள்வியை, வேலை வேண்டும் என்பவனின் மனதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வியை, பிரிட்டன் நூறு ஆண்டுகளாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1910இல் திறந்தன. அடுத்த ஆண்டே வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தவர்களின் கணக்கு எளிமையானது: அலுவலகம் ஒரு வேலையைக் காட்டும், தகுந்த வேலையை மறுத்தால் பணம் கிடையாது.

ஆனால் முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921இல், வேலையில்லாதோர் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். காட்டுவதற்கு அலுவலகத்திடம் வேலை இல்லை. அரசு என்ன செய்தது தெரியுமா? சோதனையைத் திருப்பிப் போட்டது. 'மெய்யாகவே முழுநேர வேலை தேடுகிறேன்' என்பதை இனி விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும். உள்ளூர்க் குழு ஒன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கும்: எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், எத்தனை மணிக்குக் கிளம்பினாய்? சுரங்கம் மூடிக்கிடந்த ஊர்களில், ஆள் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த அடுத்த சுரங்கத்துக்குத் தொழிலாளர்கள் நடந்தார்கள். வேலைக்காக நடக்கவில்லை, போய்வந்தேன் என்று சொல்வதற்காக நடந்தார்கள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று நம்மூரில் சொல்வோமே, அங்கே அந்தத் தேய்மானமே சாட்சி. அந்தச் சாட்சியும் பல பேருக்குப் போதவில்லை. 1921க்கும் 1930க்கும் இடையில் இந்த ஒரு விதியால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏறக்குறைய முப்பது லட்சம்.

1930இல், தொழிலாளர் துறை அமைச்சராக மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் இருந்தபோது, அந்த விதி எடுக்கப்பட்டது. பிரிட்டன் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். வேலையை முன்னால் வைத்து, அதை மறுத்தால்தான் பணத்தை நிறுத்தலாம் என்று பொறுப்பு மறுபடி அரசின் பக்கம் வந்தது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. மனதைத் தோண்டிப் பார்க்கும் வேலை அரசுக்கு எதற்கு?

ஆனால் 1989 சட்டத்தில், முனைப்பாக வேலை தேட வேண்டும் என்ற நிபந்தனை திரும்பி வந்துவிட்டது. இன்று அங்கே யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர் ஓர் உடன்படிக்கையை ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணமாக வாரத்துக்கு 35 மணி நேரம் வரை தேடலில் செலவிட வேண்டும். செய்ததை இணையக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். குழந்தை வளர்ப்போர், உடல்நலம் குன்றியோர் போன்றவர்களுக்குத் தளர்வு உண்டு. தகுந்த காரணமில்லாமல் தவறினால் தொகையில் வெட்டு. பழகிய துறையிலேயே வேலை தேட முன்பு மூன்று மாதம் வரை அவகாசம் இருந்தது. 2022இல் அதை நான்கு வாரமாகக் குறைத்துவிட்டார்கள். பத்தாண்டு கணக்கெழுதியவர் ஐந்தாவது வாரம் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கிடைக்காது என்று தெரிந்தே போட்ட விண்ணப்பமும் குறிப்பேட்டில் ஒரு வரிதான். அந்தச் சுரங்கத்து நடை இப்போது கைப்பேசியில் நடக்கிறது.

நம்மூர் முறை அந்த அளவுக்குத் துருவவில்லை என்பது ஆறுதல். துருவாததற்கு ஈடாக ஐந்து ஆண்டுப் பொறுமையைக் கேட்கிறது. இருபத்திரண்டு வயதில் வேலையில்லாதவருக்கு இருபத்தேழில்தான் முதல் தவணை.

பதிந்திருக்கும் நேயர்கள் ஒன்றைச் செய்யுங்கள். பதிவு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதம் எது என்று பார்த்து, இன்றே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். இப்போது இணையத்திலேயே புதுப்பிக்கலாம். தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு. நாளிதழில் கண் வையுங்கள். இன்னொன்று. உதவித்தொகை வாங்கினால் சீனியாரிட்டி போய்விடும் என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது. என் சித்தப்பாவைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார், அவரிடமும் சொல்லிவிடுங்கள்.