கோச்சி போன பாதையும் நம்முடைய கணக்கும்

(பதுளையில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், லயன் கூரை, சேமலாப நிதி என்று பேசுகிற கூட்டத்தில் இன்று ஒரு பாதையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் சங்கத்திடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "பழைய பாதைகளைத் துப்புரவு பண்ணி, வெளியாட்கள் நடக்கிற பாதையாக ஆக்குகிறார்கள். சிரமதானத்துக்கு எங்களையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. போகலாம், ஆனால் கணக்கோடு போக வேண்டும் என்பது சங்கத்தின் பதில். அந்தக் கணக்கு என்ன என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் பாதையின் கதை. நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு காலத்தில் கோச்சி ஓடியது. இரண்டரை அடி அகலமே உள்ள சின்னத் தண்டவாளம். 1903-இல் நுவரெலியாவுக்கு வந்து, அதன் பின் இராகலை வரை நீண்டது. உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நம் ஊவாவுக்குப் பக்கத்தில் இருக்கிற உடப்புசல்லாவைக்கு அது வந்து சேரவேயில்லை. தேயிலைப் பெட்டியைக் கீழே இறக்கவும், அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றவும் போட்ட பாதை அது. லொறி வந்த பிறகு வருமானம் குறைந்தது. 1940-களில் பாதையை மூடித் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள்.

நம்முடைய பெரிய பாதைக்கு அந்தக் கதி வரவில்லை. அது 1885-இல் நானு ஓயாவுக்கும், 1893-இல் அப்புத்தளைக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் 30 ஆண்டு எடுத்தது. 1924-இல்தான் பதுளைக்குக் கோச்சி வந்தது. தெமோதரைக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் முடிந்தது. மலையை வெட்டியும், சுரங்கம் தோண்டியும், கல் சுமந்தும் இந்தப் பாதையை இழுத்து வந்தவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். பாலத்தைப் படம் பிடிக்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். கல் சுமந்தவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது.

கோச்சி போன பாதை நடப்பதற்கு ஏன் நல்லது? கோச்சி செங்குத்தாக ஏறாது. நம் மலைப் பாதையில் மிகக் கடுமையான இடத்திலும் 44 அடி போனால்தான் ஒரு அடி ஏற்றம். அதற்காகவே மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டாலும் அந்தச் சாய்வும், கற்சுவரும், தண்ணீர் போக்கும் மண்ணுக்குள் இருக்கும். காட்டை வெட்டி, அடைத்த போக்கைத் திறந்துவிட்டால் வயதானவர்களும் நடக்கலாம். நம் குறுக்குப் பாதைகளைப் போல மூச்சு வாங்காது.

இங்கே ஒரு வார்த்தை. தெமோதரையிலும் எல்லவிலும் ஓடுகிற தண்டவாளத்தின் மேலேயே நடக்கிற பழக்கம் நமக்கும் இருக்கிறது, வெளிநாட்டவருக்கும் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. ஒழுங்கான நடைபாதை வந்தால் அந்த ஆபத்தும் குறையும்.

இப்போது நம் வாசலுக்கே வந்திருப்பது பீக்கோ நடைபாதை. கண்டி அந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பகுதிகள். ஒகியா, அப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கமாக ஊவாவுக்குள் வருகிறது. அது பழைய ரயில் பாதை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டு போன தோட்டப் பாதைகளைச் சேர்த்துக் கட்டியது. இங்கே வாழ்கிற ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட் முயற்சி எடுத்தார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தப் பாதைகளில் கொழுந்துக் கூடையோடு தினமும் நடப்பது யார்? பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுவது யார்? பாதையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது நம் காலில் தேய்ந்த பாதை.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற பகுதியில் 1990-இல் ஒரு ரயில் பாதையை மூடினார்கள். அரசும் ஊராரும் சேர்ந்து உழைத்து, 2000-இல் அதை 150 கிலோமீற்றர் அளவுள்ள நடை, சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். ரயில் நின்றதால் ஆள் குறைந்துபோன சின்னச் சின்ன ஊர்களில் தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் வந்தன. அந்த வருமானம் பாதை ஓரத்து மக்களுடைய கைக்கும் போனது. முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் கசப்பானது. 1942-லும் 1943-லும் ஜப்பான் இராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டது. சயாம் மரண ரயில் என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். போருக்குப் பிறகு அந்தப் பாதையின் பெரும்பகுதி காடாகிவிட்டது. 1980-களில், அங்கே கைதியாக இருந்த ஒரு ஆஸ்திரேலியப் போர்வீரர் திரும்பி வந்து, பாறை வெட்டிய கணவாயைத் தேடிப் பிடித்தார். அவருடைய முயற்சியால் ஆஸ்திரேலிய அரசு காட்டை வெட்டி நடைபாதை ஆக்கியது. 1998-இல் ஒரு காட்சியகமும் திறந்தது. காஞ்சனபுரியில் போர்வீரர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் ஒழுங்காக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. அதைவிடப் பல மடங்காகச் செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் போட்ட கல்லறை இல்லை. பாதையைத் தேடிப் போனவர்கள் தங்கள் ஆட்களின் பெயரைக் கல்லில் எழுதினார்கள். அதில் தப்பில்லை. நம் ஆட்களின் பெயரை எழுத அப்போது அங்கே நம் ஆள் இல்லை.

நம்மாலும் முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2023-இல், மலையகத்துக்கு 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்களும் ஆதரவாளர்களும் நடந்தார்கள். ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 12-இல் முடிந்த நடை. முன்னோர்கள் பசியோடும் நோயோடும் வந்த வழி அது. அந்த நடையில் கதையைச் சொன்னது நாமே.

ஆகவே, தோட்டக் கமிட்டிகள் பின்வரும் ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஒன்று. சிரமதானம் வேறு, கூலி வேலை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிக் காடு வெட்டுவது தொண்டு. மாதா மாதம் பாதையைப் பராமரிப்பதும், மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளுவதும் வேலை. அதற்குச் சம்பளம் வேண்டும். அந்த வேலை முதலில் அந்தத் தோட்டத்து ஆட்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இரண்டு. பாதுகாப்பு. குளவிக் கொட்டு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டு வேலையில் அடிபட்டால் தொழிலாளர் நட்டஈடு கேட்பது கடினம். ஏனென்றால் அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. கூப்பிடுகிறவர்கள் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பிறகு கத்தியை எடுங்கள்.

மூன்று. காணி. ரயில் ஒதுக்குக் காணி ரயில்வே திணைக்களத்துடையது. தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுடையது; 1992 முதல் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. இரண்டு இடத்திலும் எழுத்தில் அனுமதி வேண்டும். பழைய பாதை ஓரத்தில் வீடு கட்டியோ மரக்கறி போட்டோ வாழ்கிற குடும்பம் இருந்தால், நடைபாதையைக் காட்டி அவர்களை எழுப்ப விடக்கூடாது.

நான்கு. வருமானம். சுற்றுலா அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. பிரதேச வழிகாட்டி என்ற தரமும் உண்டு. ஓ.எல்., ஏ.எல். படித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகிற நம் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும் சேர்த்து, அதற்கு விண்ணப்பிக்கட்டும். ரொட்டியும் தேத்தண்ணியும் விற்க நம் மாதர் சங்கங்களுக்கு இடம் கேட்போம்.

ஐந்து. பலகை. பெயர்ப் பலகையில் தமிழும் இருக்க வேண்டும். துரைமாருடைய பங்களா எந்த ஆண்டு கட்டியது என்று எழுதுகிறவர்கள், லயன் எந்த ஆண்டு கட்டியது, அதில் இன்று எத்தனை குடும்பம் என்றும் எழுதட்டும். லயத்து வாசலில் நின்று கேட்காமல் படம் பிடிக்கக்கூடாது என்றும் எழுதட்டும்.

கடைசியாக ஒரு வேலை. நம் மலைகளுக்கும் பாதைகளுக்கும் நாம் வைத்த பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. பழைய மடுவம் எங்கே இருந்தது, எந்த வளைவில் மண் சரிந்து ஆட்கள் போனார்கள், எந்தப் பாதையால் பிரட்டுக்குப் போனார்கள் என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கொப்பியில் அந்தப் பெயர்களை எழுதிக் கொண்டு வாருங்கள். எழுத முடியாத பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். நடைபாதை போடுகிறவர்களிடம் நாம் பேசப் போகும்போது அந்தக் கொப்பி மேசையில் இருக்க வேண்டும்.