லயன் கூரையும் நார்ப்பலகையும்



மலைநாட்டில் பிறந்த நமக்குக் குளிர் புதிதன்று. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே தை மாத இரவுகளில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. அத்தகைய இரவில் லயன் காம்பராவில் உறங்கும் குழந்தைக்கும் வானத்துக்கும் இடையே பல இடங்களில் இருப்பது ஒரு தகரம் மட்டுமே. ஒரே தடிப்புள்ள நார்ப்பலகையை விடத் தகரம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அடுப்பின் சூடு கூரை வழியே போய்விடுகிறது. மூச்சின் ஈரமும் உலையின் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் பாயின் மீது சொட்டுகின்றன. இதனால் துன்புறுவோர் குழந்தைகளும் முதியோருமே. ஆகவே கூரையின் கீழ் ஒரு காப்புப் பலகை வேண்டும் என்பதே நமது பேச்சின் பொருள்.

வெப்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் நாரன்று. நார்களுக்கிடையே அசையாது அடைபட்டிருக்கும் காற்றே. கம்பளி நம்மைக் காப்பதும் இவ்வாறே. அமெரிக்காவின் லூயிசியானாவில் 1920களிலே கரும்புச் சக்கையிலிருந்து ‘செலோடெக்ஸ்’ என்னும் காப்புப் பலகை செய்தார்கள். நமது நாட்டிலும் 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைப் பயன்படுத்தியது. 2004இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆராய்ச்சியாளர், தேங்காய்ப் பொச்சைச் சூடாக்கி அழுத்தினால், அதிலுள்ள லிக்னின் என்னும் பொருளே பசையாகி உறுதியான பலகையைத் தரும் என்று காட்டினார்கள்.

அப்படியானால் நமது மலைகளில் எது கழிவு? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கவ்வாத்து வெட்டும்போது விழும் இலையும் சிறு கிளையும் மண்ணுக்கு உணவு. சரிவு மண்ணை மழை அரிக்காமல் காக்கும் போர்வை. தடித்த மிலாறோ நமது தாய்மாரின் அடுப்புக்கு விறகு. இவற்றை எடுத்துப் பலகை செய்வது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். கழிவுத் தேயிலையும் 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. எனவே கைவிடப்பட்ட மலைகளில் மண்டிக்கிடக்கும் மானாப்புல்லையும், கீழ்நாட்டிலிருந்து வரக்கூடிய தென்னந்தும்பையுமே முதலில் நாடுவோம்.

பெரிய யந்திரம் இல்லாமலும் தொடங்கலாம். புல்லையும் தும்பையும் சிறிதாக நறுக்கி, நீரில் ஊறவைத்துப் பலமுறை அலச வேண்டும். நாரில் தங்கும் சர்க்கரைப் பொருள் சீமெந்து இறுகுவதைத் தடுக்கும். பின்பு சீமெந்துப் பாலில் பிசைந்து, மர அச்சிலிட்டு அழுத்தி, சில நாள் ஈரங்காத்து உலர்த்த வேண்டும். இப்பலகை வெறும் நார்ப்பலகையைப் போல அத்தனை நன்றாக வெப்பத்தைத் தடுக்காது. ஆனால் எளிதில் தீப்பற்றாது. கறையானும் இலகுவில் அரிக்காது.

தீயைப் பற்றி வற்புறுத்தக் காரணம் உண்டு. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்திலே ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு கூரை வழியே அடுத்ததற்குத் தாவும். காய்ந்த புல்லை அப்படியே கூரையில் திணிப்பது குளிருக்குப் பதில் கொள்ளியைத் தேடுவதாகும். மற்றொன்று, புகை. புகைபோக்கி இல்லாத வீட்டில் கூரையை மட்டும் அடைத்தால், குளிர் குறையும். புகை நெஞ்சில் தங்கும். புகைபோக்கியே முதல் வேலை, பலகை இரண்டாவது.

பெரியோர்களே, நல்ல வீடும் சொந்த நிலமும் நமது மக்களின் உரிமை. ஒரு பலகை அதற்கு ஈடாகாது. அவ்வுரிமை கிட்டிவிட்டது என்று எவரும் சொல்ல இதனை ஒரு சாக்காக்கவும் விடமாட்டோம். ஆயினும் அது வரும் வரை ஒவ்வொரு தையும் குளிராகவே வரும். ஆதலின் சங்கத்தார் ஒரு காம்பராவைத் தேர்ந்து, அதன் அரைக் கூரைக்கு மட்டும் பலகை பொருத்தி, இரு பாதியிலும் வெப்பமானி வைத்து ஒரு மாதம் கணக்கெடுப்போம். நீர் எங்கே சொட்டுகிறது என்றும் குறிப்போம். பயன் உண்டெனில் ஊரார் கண்ணாலேயே காண்பார்கள். இல்லையெனில் குறையைத் திருத்துவோம். குளிரில் நடுங்கும் குழந்தைக்குச் செய்யும் பணியும் இறைபணியே.