நான் எழும்பி நிற்காத நாள்



பாடசாலைத் தோழமை பற்றிப் பேசச் சொன்னார்கள். இனிய நினைவுகள் பல உண்டு. ஆனாலும் மனத்தில் முள்ளாய்க் கிடக்கும் ஒன்றையே சொல்ல விரும்புகிறேன்.

1968ஆம் ஆண்டு. எனக்கும் அவளுக்கும் வயது 15. இருவருக்கும் காங்கேசன்துறைதான் ஊர். சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருகே ஒரே ஒழுங்கையில் வீடு. படித்தது வெளியூரில், ஒரு பெண்கள் பாடசாலை விடுதியில். அதன் பெயர் இங்கே வேண்டாம். இரட்டைப் பின்னல் தளர்ந்தாலும் குற்றம், கதைப்புத்தகம் வாசித்தாலும் குற்றம் என்றிருந்த காலம்.

அவளுடைய தாயார் 'கல்கி'யில் 1950 முதல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். அதில் ஒரு பாகத்தை அவள் ஒளித்துக் கொண்டுவந்தாள். படிப்பு நேரத்தில் தேசப்படப் புத்தகத்துக்குள் வைத்து மாறி மாறி வாசித்தோம். அதுதான் எங்கள் கலகம்.

ஒருநாள் அது மேற்றனிடம் அகப்பட்டது. "ஆர் வாசிச்சது?" என்று கேட்டார். அவள் எழும்பினாள்.

"நான்தான். வேறை ஒருத்தரும் வாசிக்கேல்லை."

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஒரு மாதம் அவள் வீடு செல்லத் தடை. அந்த வெள்ளிக்கிழமை நான் தனியே ரயிலேறினேன். காங்கேசன்துறை நிலையத்தில் அவளுடைய தாயார் காத்து நின்றார்.

"எங்கை பிள்ளை, அவள்?"

"சோதனை இருக்கு மாமி, வரேல்லை" என்றேன். மௌனத்தோடு பொய்யும் சேர்ந்தது.

1990 ஜூனில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. அவள் கனடா போய்ச் சேர்ந்தாள்.

2016 செப்டம்பரில் ஒரு செய்தி கண்டேன். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியில், அதிபர் மாற்றத்தை எதிர்த்து மாணவிகள் திரண்டு நின்றார்கள். அதன் சரிபிழையை நான் பேசவரவில்லை. ஒருத்தியைத் தனியே விடாமல் எல்லாரும் சேர்ந்து நின்றார்களே, அதுதான் என்னைச் சுட்டது. விதியை மீறும் துணிவு எங்களுக்கும் இருந்தது. தண்டனையைப் பங்குபோடும் துணிவு அவளுக்கு மட்டுமே இருந்தது.

காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது. அடுத்த வாரம் அதில் போய் இறங்கி, மேடையில் நின்றபடியே அவளுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "உன்ரை முகத்தைப் பாத்தே அம்மாவுக்கு விளங்கீட்டுதாம். அதை விடு."

பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆனா, நீ எழும்புவாய் எண்டு நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் தோழி எழும்பி நிற்கும்போது அவளுடைய கண் எங்கே தேடுகிறது என்று பாருங்கள்.