தில்லியில் இளவேனில் தோட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நடன உடையுடன் காத்திருக்கும் குழந்தைகளின் பொறுமையை நெடுநேரம் சோதிக்க மாட்டேன்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் நாட்டு முதுமொழி. இவை தமிழகத்து வானையும் மண்ணையும் கண்டு உரைத்தவை. இத்தில்லி மாநகரிலோ, சித்திரையிலேயே வெயில் முதிர்ந்து விடுகிறது. வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசுகிறது. வெப்பம் 40 பாகையைக் கடக்கிறது. தை மாதத்து இரவுகளிலோ குளிர் 7, 8 பாகைக்கு இறங்குகிறது. சில நாட்களில் 4 பாகைக்கும் கீழே போவதுண்டு. ஆகவே இங்கே நமக்கு வாய்க்கும் இளவேனில் மாசி மாதமும் பங்குனியின் முற்பாதியுமே. ஏறத்தாழ ஆறு வாரம். அதற்குள் வேரூன்றிய செடி கோடையைத் தாங்கும். பிந்தி விதைத்தது வாடும். ஆதலின் தை மாதத்திலேயே நிலத்தைப் பண்படுத்தி வைத்தல் வேண்டும். என் உரையின் சாரம் இதுவே.

பண்படுத்துவது எவ்வாறு? மண்ணை ஒரு மண்வெட்டி ஆழம் கொத்திப் புரட்டி, ஒரு வாரம் வெயில் காய விடுங்கள். பின்னர்ச் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ வீதம் நன்கு மட்கிய சாண எருவைக் கலந்து பாத்தி கட்டுங்கள். மட்காத சாணம் கரையானை அழைத்து வரும். மாடியில் வாழ்வோர் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு எரு, ஒரு பங்கு மணல் கலந்து தொட்டிகளை நிரப்பலாம். அடியில் நீர் வடிய வழி இருத்தல் வேண்டும். உதிரும் வேப்பிலைகளையும் அரசிலைகளையும் கொளுத்தாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டிலேயே அதனைத் தடை செய்துள்ளது. குழியில் இட்டு மட்க வைத்தால் அவையே அடுத்த ஆண்டின் எரு.

சுரை, பீர்க்கு, பாகல் விதைகளைத் தை இறுதியில் சிறு பைகளில் இட்டு, குளிர் படாத இடத்தில் முளைக்க வைத்து, மாசி நடுவில் பாத்திக்கு மாற்றுங்கள். வெண்டை விதையை ஓர் இரவு நீரில் ஊற வைத்து மாசியில் ஊன்றுங்கள். குளிர்ந்த மண்ணில் அவசரப்பட்டு ஊன்றினால் விதை அழுகிப் போகும். கீரைக்கும் மாசியே உகந்தது.

விதைக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பீகாரில் பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, 1936இல் தில்லிக்கு வந்தது. அதுவும் நம்மைப் போலக் குடிபெயர்ந்ததே; ஊர்ப் பெயரையும் உடன் கொண்டு வந்தது. அங்கே உருவான பாகல் ஒன்றிற்குப் 'பூசா தோ மௌசமி' என்று பெயர். இளவேனில், மழைக்காலம் ஆகிய இரு பருவங்களிலும் காய்ப்பதால் அப்பெயர் பெற்றது.

இனி மூலிகைகள். புதினா மாசியில் தானே தழைக்கும். குளிரில் கருகிய துளசிக்கு மாற்றாகப் புது விதை தூவுங்கள். ஓமவல்லியைத் தண்டு கிள்ளி நட்டாலே போதும். கறிவேப்பிலை குளிரில் இலை உதிர்த்தால் பட்டுப் போயிற்றென்று பிடுங்கி விடாதீர்கள். நுனியைக் கத்தரித்து எருவிட்டால் பங்குனியில் துளிர்க்கும். துளிர்த்த இலை நரம்பு மட்டும் பச்சையாக, ஏனைய பகுதி வெளுத்திருந்தால், இங்குள்ள காரமண்ணிலிருந்து இரும்புச்சத்தை வேர் பெற இயலவில்லை என்று அறிக. மட்கு எருவே நல்ல மருந்து.

சிறு கனி விரும்புவோர் பால்சாச் செடி வைக்கலாம். மார்கழி, தையில் அதனைக் கவாத்துச் செய்தால், புதுக் கிளைகளில் பூத்து வைகாசியில் பழுக்கும். அதன் சர்பத்து இந்நாட்டு மக்களின் கோடை மருந்து.

அன்பர்களே! நம்மிற் பலர் மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர்கள். "நாம் நட்டதை யாரோ பறிப்பார்களே" என்று சிலர் தயங்குகின்றனர். நாம் குடியேறிய வீட்டில் முன்னவர் விட்டுச் சென்ற முருங்கையை நாம் பறித்துண்ணவில்லையா? மேலும், பாத்தி, வரப்பு, நாற்று, பந்தல், கொழுகொம்பு ஆகிய சொற்களை இங்கே பிறந்த நம் பிள்ளைகள் வேறு எங்கே கற்பர்? பாடப் புத்தகத்தில் படித்தது மறக்கலாம். மண் அளைந்து கற்றது மறவாது.

வரும் தைப் பொங்கலன்று கரும்பு தின்று முடித்ததும், பிள்ளைகளின் கையில் ஒரு களைக்கொத்தினைக் கொடுங்கள். இந்த மண்ணின் பட்டத்தை அவர்களும் அறியட்டும்.