தொலைநிலத்து மாட்டுப்பண்ணையில் வேலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். வேலை உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மொழி அறியாத நகரில் இரயிலை விட்டு இறங்கிய நாளை நம்முள் மூத்தோர் எவரும் மறந்திலர். இப்பொழுது நம் பிள்ளைகள் கடல் கடக்க ஆயத்தமாகின்றனர். ஆஸ்திரேலிய அரசு, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியருள் ஆண்டுக்கு 1,000 பேருக்குக் குலுக்கல் முறையில், ஓராண்டு தங்கி வேலை செய்யவும் ஊர் சுற்றவும் அனுமதி வழங்கும் திட்டத்தை 2024இல் தொடங்கியது. அவ்வாறு செல்வோர் மேற்கொள்ளத்தக்க வேலைகளுள் ஒன்று மாட்டுப்பண்ணை வேலை. ஆகவே அதைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

பண்ணை என்றதும் தொழுவமும் வைக்கோற்போரும் நம் கண்முன் தோன்றும். அங்குள்ளது வேறு. தென் ஆஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிரீக் என்னும் ஒரே பண்ணையின் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல்! மழை அரிதாதலால் ஒரு மாடு வயிறு நிறையவே பெருநிலம் வேண்டும். பண்ணை அத்துணை விரிந்து கிடப்பதன் காரணம் இதுவே. அங்கே மாடு வளர்ப்பது பாலுக்கன்று, இறைச்சிக்கு. இதனை மறைத்துப் பேசுதல் தகாது. மனம் ஒப்பாதோர் முதலிலேயே விலகிக்கொள்வது நலம்.

புதிதாகச் சேரும் இளைஞனை 'ஜாக்கரூ' என்றும், பெண்ணை 'ஜில்லரூ' என்றும் அழைப்பர். பொழுது புலருமுன் வேலை தொடங்கும். குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்று, பல பண்ணைகளில் ஹெலிகாப்டரின் துணையும் கொண்டு, சிதறி மேயும் மந்தையைத் திரட்டிப் பட்டியில் அடைக்க வேண்டும். கன்றுகளுக்குச் சூட்டுக்குறி இடுதல், காயடித்தல், கொம்பு களைதல் ஆகியவை அங்கே நடைபெறும். வேலியைச் செப்பனிடுவதும், ஆழ்துளைக் கிணறுகளைச் சுற்றி வந்து தொட்டிகளில் நீர் உளதா எனப் பார்ப்பதும் ஓயாத வேலைகள். கோடையில் ஒரு குழாய் பழுதாகி எவரும் கவனியாவிட்டால் மந்தை தாகத்தால் மடியும். வடபகுதியில் மழைக்காலம் வந்துவிட்டாலோ பாதைகள் நீரில் மூழ்க, பண்ணை ஒரு தீவாகிவிடும்.

இத்தொலைவை வெல்ல முயன்றோர் நம் வணக்கத்துக்கு உரியர். ஜான் ஃபிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால் 1928இல் விமான மருத்துவப் பணி தோன்றியது. ஆனால், மின்சாரமும் தந்தியும் இல்லாத வீட்டிலிருந்து மருத்துவரை அழைப்பது எவ்வாறு? ஆல்ஃபிரட் டிரேகர் என்பார், சைக்கிளை மிதிப்பதுபோல் காலால் மிதித்தே மின்சாரம் பெறும் வானொலிக் கருவியை அமைத்தார். 1929இல் அது பயனுக்கு வந்தது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து பண்ணைப் பிள்ளைகளுக்கு வானொலி வழியே பள்ளியும் நடக்கலாயிற்று.

நோயும் கல்லாமையும் இவ்வாறு விலகத் தொடங்கின. கூலியில் இருந்த அநீதி மட்டும் நெடுநாள் நிலைத்தது. வடபகுதிப் பண்ணைகளைத் தம் உழைப்பால் தாங்கியவர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்கள். அவர்களுக்குக் கிடைத்தவையோ மாவும் தேயிலையும் சர்க்கரையும் இறைச்சியும் சொற்பக் காசும்! 1966 ஆகஸ்டு 23ஆம் நாள், வேவ் ஹில் பண்ணையில் குரிஞ்சி இனத்தவர் ஏறத்தாழ 200 பேர், வின்சென்ட் லிங்கியாரி என்பாரின் தலைமையில் வேலையைத் துறந்து குடும்பத்தோடு வெளியேறினர். கூலி கேட்டுத் தொடங்கிய போராட்டம் நிலம் கேட்கும் போராட்டமாக வளர்ந்தது. 1975 ஆகஸ்டு 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் நேரில் வந்து, ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் இட்டு, நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அளித்தார். இதற்கிடையே, 1968 டிசம்பரில் சம கூலி நடைமுறைக்கு வந்தபோது, அதைக் கொடுக்க மனமின்றிப் பழங்குடியினரை வேலையை விட்டே நீக்கிய பண்ணைகளும் பல. உரிமை ஏட்டில் ஏறினும் உடனே கைக்கு வந்துவிடுவதில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று. நகரத்தில் கூலி கொடுப்பவர் ஒருவர், வீடு கொடுப்பவர் வேறொருவர், கடைக்காரர் மற்றொருவர். ஒருவரோடு பிணக்கு நேர்ந்தால் மற்றவரை நாடலாம். தனித்த பண்ணையிலோ கூலி, கூரை, சோறு, ஊர் திரும்பும் வண்டி ஆகிய நான்கும் ஒரே கையில் உள்ளன. அக்கை நல்ல கையாகவும் இருக்கலாம். அன்புடன் தொழில் கற்பிக்கும் பண்ணையாரும் உளர். எனினும் அதை அங்கே சென்று சோதித்தறிய எண்ணுதல் அறிவுடைமை ஆகாது.

எனவே இளைஞர்களே, புறப்படுமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: கூலி எவ்வளவு? உணவுக்கும் உறையுளுக்கும் எவ்வளவு பிடிப்பர்? ஓய்வு நாள் எது? தொலைபேசி உண்டா? விலக விரும்பினால் நகரத்துக்கு யார் கொண்டுவிடுவர்? அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அயல்நாட்டிலிருந்து செல்வோரையும் காக்கிறது என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோர்களே, நாம் இக்காலனிக்கு வந்தபோது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் தமிழ் கேட்டது. தயங்காமல் குறையைச் சொன்னோம். இச்சங்கமும் அவ்வாறே பிறந்தது. நம் பிள்ளை செல்லுமிடத்தில் அடுத்த வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். வாரந்தோறும் அப்பிள்ளையிடம் பேசும்போது, "எவ்வளவு சேர்த்தாய்?" என்பதற்கு முன், "எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்போம். அக்கேள்வியே அங்கு நம் பிள்ளைக்கு அடுத்த வீட்டுக் கதவாகும்.