விண்வெளியும் பொறுமையும்

விஞ்ஞானக் கற்பனைப் படங்களுள் மிகச் சிறந்தது எது? சினிமாவில் நாட்டமுள்ள நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அன்றைய மாலைப்பொழுது இனிதே கழிந்துவிடும். ஒருவர், 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்பார். மற்றொருவர், 2014இல் வெளிவந்த ‘இன்டர்ஸ்டெல்லார்’ என்பார். மூன்றாமவர் சற்றுத் தயங்கி, ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ என்றோ, ருஷ்யப் படமாகிய ‘சொலாரிஸ்’ என்றோ சொல்வார். உடனே நான்காமவர் குறுக்கிட்டு, “அந்தப் படங்களா? பாதியிலேயே தூங்கிவிட்டேன்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். விவாதமும் அத்தோடு முடிந்துவிடும்.

அந்தச் சிரிப்போடு விவாதத்தை முடித்துவிடலாகாது என்பதே இன்று நான் நேயர்களிடம் சொல்ல விரும்புவது. ஒரு படம் மெல்ல நகர்கிறது என்று சொன்னால் அதன் வேகத்தைச் சொன்னோமே ஒழிய, அதன் தரத்தைச் சொல்லிவிடவில்லை. சங்கீதத்தில் இதை நாம் எளிதாக ஒப்புக்கொள்கிறோம். துரித காலத்தில் பாடும் உருப்படியும் உண்டு. விளம்ப காலத்தில் பாடும் பதமும் உண்டு. நல்ல பதம் ஒன்றைக் கேட்டபின், “இதை இன்னும் விரைவாகப் பாடி முடித்திருக்கலாமே!” என்று எந்த ரசிகரும் குறை கூறுவதில்லை. நின்று நிதானித்துப் பாடுவதில்தான் அதன் பொருள் விளங்குகிறது. விண்வெளியைப் பற்றிய சில படங்களுக்கும் இந்த நியாயம் பொருந்துமா? பொருந்தும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் காட்டவேண்டியது என் கடமை.

முதலில் ‘2001’ படத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக், விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் ஸி. கிளார்க்குடன் சேர்ந்து இதன் திரைக்கதையை அமைத்தார். கிளார்க் பிறப்பால் ஆங்கிலேயர்; ஆயினும் 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, 2008இல் கொழும்பு நகரில் காலமானவர். படம் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியாயிற்று. மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969 ஜூலையில். படம் வெளிவந்த சமயத்தில், சந்திரனைச் சுற்றி வந்தவர்கூட எவரும் இலர்.

கதை வானர மனிதர்களின் காலத்தில் தொடங்குகிறது. எலும்பை ஆயுதமாகப் பிடிக்கக் கற்ற ஒருவன் அதை வானை நோக்கி வீசுகிறான். சுழன்று மேலெழுந்த எலும்பு கீழிறங்கும்போது காட்சி மாறுகிறது. எலும்பு இருந்த இடத்தில் விண்வெளிக் கலம் ஒன்று மிதக்கிறது. பல லட்சம் ஆண்டுகளை இமைப்பொழுதில் தாண்டிவிடுகிறார் குப்ரிக். ஆனால் அடுத்தபடியாக, ஒரு கலம் விண்வெளி நிலையத்தை அணுகிச் சேர்வதைக் காட்டுவதற்கு, ஜொஹான் ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ இசையைப் பின்னணியாக வைத்து, நிமிஷக் கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கிறார். விரைவாகக் கதை சொல்லத் தெரியாதவர் அல்லர் அவர். எங்கே விரைவது, எங்கே நிற்பது என்பதை அறிந்தே தீர்மானித்திருக்கிறார்.

இந்தப் படத்தில் முதல் வசனம் ஏறத்தாழ 25 நிமிஷங்கள் கழிந்த பின்னரே காதில் விழுகிறது. இறுதிப் பகுதியில் 20 நிமிஷங்களுக்கு மேல் பேச்சே இல்லை. முதற்காட்சிகளில் பலர் எழுந்து வெளியே போய்விட்டதில் வியப்பில்லை. பாலின் கேல் முதலிய விமரிசகர்கள் படத்தைக் கடுமையாகச் சாடினார்கள். குப்ரிக்கும் முதற்காட்சிக்குப் பிறகு ஏறத்தாழ 19 நிமிஷப் பகுதியை வெட்டி நீக்கினார். ஆயினும் 2022ஆம் ஆண்டில் ‘சைட் அண்ட் ஸவுண்ட்’ என்னும் பிரிட்டிஷ் சஞ்சிகை உலக டைரக்டர்களிடம் வாக்கெடுத்தபோது, எல்லா வகைப் படங்களுள்ளும் முதலிடம் பெற்றது இதுவே. வெளிநடப்புச் செய்தவர்களுக்கும் வாக்களித்தவர்களுக்கும் இடையே 54 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

படம் ஏன் இவ்வளவு மெல்லச் செல்லவேண்டும்? தூரம் என்பதை மனிதன் காலத்தால்தான் உணர்கிறான். தில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்தவருக்குத்தான் ஆக்ராவும் போபாலும் நாகபுரியும் விஜயவாடாவும் நடுவே கிடக்கின்றன என்பது உடம்பில் உறைக்கும். ஊருக்கும் தமக்கும் உள்ள தொலைவு அப்போதுதான் புலனாகும். வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

விண்வெளியின் தூரமோ நம் கற்பனைக்கே எட்டாதது. 1977 செப்டம்பரில் புறப்பட்ட ‘வாயேஜர் 1’ வியாழனை நெருங்கியது 1979 மார்ச்சில். ஒன்றரை ஆண்டுப் பயணம் அது. ‘2001’ படத்திலும் வியாழனை நோக்கி ஒரு கலம் செல்கிறது. அதில் உள்ள இருவரைப் பூமியிலிருந்து ஓர் ஒலிபரப்பாளர் பேட்டி காண்கிறார். ‘எங்கள் சொற்கள் அவர்களை அடைய ஏழு நிமிஷங்கள் ஆயின, அந்த இடைவெளியை நீக்கிவிட்டு ஒலிபரப்புகிறோம்’ என்ற கருத்துப்பட அறிவிக்கிறார். இந்தச் சிறு காட்சியில் குப்ரிக்கின் குறும்பு தெரிகிறது. ஒலிபரப்பாளர்கள் வெட்டிவிடும் அந்தக் காத்திருப்பைத்தான் அவர் தம் படம் நெடுக நமக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.

நிசப்தமும் அப்படியே. காற்றில்லாத வெளியில் ஒலி பரவாது என்பது பள்ளிப்பாடம். எனினும் பெரும்பாலான விண்வெளிப் படங்களில் கலங்கள் உறுமுகின்றன. குண்டுகள் இடியென முழங்குகின்றன. குப்ரிக்கின் படத்தில், கலத்துக்கு வெளியே ஒரு விஞ்ஞானி உயிரிழக்கும்போது ஓசையே இல்லை. உறைதூக்கத்தில் வைக்கப்பட்ட மூன்று விஞ்ஞானிகள் ‘ஹால்’ என்னும் கணிப்பொறியால் கொல்லப்படுகிறார்கள். அலறல் இல்லை, ரத்தம் இல்லை. அவர்களுடைய உயிர்த்துடிப்பைக் காட்டும் கோடுகள் திரையில் ஒவ்வொன்றாகச் சமனாகின்றன, அவ்வளவுதான். பின்னர் அந்தக் கணிப்பொறியின் நினைவகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் காட்சியில், அதன் குரல் சிறிது சிறிதாகக் குழறி மங்குகிறது. நான்கு உயிர்களைக் கொன்ற இயந்திரத்தின்மீது நமக்கே இரக்கம் பிறக்கிறது. ஒரே நொடியில் விசையைத் திருப்பி அணைத்திருந்தால் இந்த இரக்கத்துக்கு இடமேது?

இத்தனை சிறப்பிருந்தும் ‘2001’ படத்தின்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் உள்ள மனிதர்கள் உணர்ச்சியற்றவர்கள், இயந்திரத்துக்கு இருக்கும் ஈரம்கூட அவர்களிடம் இல்லை என்பார்கள். இப்படிக் கருதியவர்களுள் ஒருவர் ருஷ்ய டைரக்டர் ஆந்த்ரேய் தார்கோவ்ஸ்கி. அந்தப் படம் அவருக்குக் குளிர்ந்துபோன ஒன்றாகத் தோன்றியது. அவர் இயக்கிய ‘சொலாரிஸ்’ 1972இல் வெளிவந்து, கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும்பரிசைப் பெற்றது. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம்.

படம் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. முதல் 40 நிமிஷம் வரையில் நாம் பூமியை விட்டே கிளம்புவதில்லை. நீரில் அசையும் பாசிக்கொடி, ஒரு குளம், ஒரு குதிரை, திடீர் மழை, மரங்களுக்கிடையே ஒரு பழைய வீடு, அதில் வயதான தகப்பனார். கிரிஸ் கெல்வின் என்ற மனோதத்துவ நிபுணர் மறுநாள் நெடுந்தொலைவு செல்லவேண்டியவர். திரும்பி வரும்போது தகப்பனார் உயிரோடிருப்பாரா என்பது இருவருக்கும் ஐயம். பேச வேண்டியதை இருவரும் பேசுவதில்லை. மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார் கெல்வின்.

இதற்கிடையில் டோக்கியோ நகரத்துச் சாலைகளில் ஒரு மோட்டார் வண்டி சென்றுகொண்டே இருக்கும் காட்சி ஒன்று ஏறத்தாழ ஐந்து நிமிஷம் நீள்கிறது. அதைப் போற்றுவோரும் உண்டு. என்னைக் கேட்டால் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்பேன். மெதுவாக இருப்பதாலேயே ஒரு காட்சி ஆழமுடையதாகிவிடாது. ஒரு காட்சியின் நீளத்தைக் குறைத்தால் அதன் பொருளும் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். குறையுமானால் அந்த நீளம் நியாயமானது. இல்லையேல் அது வெறும் தாமதம். 2013இல் வந்த ‘கிராவிட்டி’ 91 நிமிஷத்தில் முடிகிறது. அதன் விரைவு அந்தக் கதைக்கு ஏற்றதே.

கெல்வின் போய்ச் சேரும் கிரகத்தில் நிலமில்லை, ஒரே கடல். அந்தக் கடல் சிந்திக்கிறது. தன்னை ஆராய வந்தவர்களின் நினைவைத் துருவி, அவர்கள் மறக்க முயன்ற உருவங்களுக்கு உயிர் கொடுத்து அனுப்புகிறது. பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட கெல்வினின் மனைவி ஹாரி அவர் எதிரே வந்து நிற்கிறாள். முதலில் அவளை ஒரு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அவள் மீண்டும் வருகிறாள். தான் உண்மையான ஹாரி அல்லள் என்பதை அவளே படிப்படியாக உணர்ந்து தவிக்கிறாள். கணவனுக்கோ அவள் பொய் என்று அறிந்தும் விட மனமில்லை.

அந்த நிலையத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கத்தரித்துக் காற்றோட்டக் குழாயின் வாயில் கட்டிவிடுங்கள் என்று கெல்வினுக்கு ஒரு விஞ்ஞானி யோசனை சொல்கிறார். இரவில் அவை இலைகள் சலசலப்பதுபோல் ஒலிக்குமாம். இதை ஏளனம் செய்த மற்றொரு விஞ்ஞானியும் தம் அறை அலமாரிக்குள் அப்படி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாராம்! அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசற்படியின் முன் உள்ள இரண்டு சாண் சிமெண்டுத் தரையில் நாள்தோறும் கோலமிடுகிறவர்களுக்கும், பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்றைத் தில்லிக் குளிருக்குத் தப்புவித்து வளர்க்கிறவர்களுக்கும் அந்தக் காகிதக் கீற்றின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டா. படத்தின் தொடக்கத்தில் பாசியையும் மழையையும் அவ்வளவு நேரம் நம்மைப் பார்க்கவைத்ததன் காரணம் இங்கே விளங்குகிறது. இலையின் ஓசையை நாமும் இழந்திருந்தால்தானே காகிதத்தின் ஓசை நம் நெஞ்சைத் தொடும்!

மூலநூலாசிரியர் லெம் இந்தப் படத்தை விரும்பவில்லை. மனிதன் தன் அறிவுக்கு எட்டாத ஒன்றை எதிர்கொள்வதே தம் கதை என்பது அவர் கட்சி. டைரக்டரோ அதை வீடு, குற்ற உணர்வு, மனச்சாட்சி ஆகியவற்றின் கதையாக்கிவிட்டார் என்று அவர் வருந்தினார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த வழக்கு அந்நியமானதன்று. சட்டத்தையோ அறிக்கையையோ மொழிபெயர்க்கும்போது மூலத்தை இம்மியும் மீறலாகாது. அந்த முறையில் பார்த்தால் லெம் பக்கமே நியாயம். ஆனால் ஒரு கலையிலிருந்து மற்றொரு கலைக்குச் செல்லும் கதை, போகும் இடத்தில் வேரூன்ற வேண்டுமானால் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். இதே கதையை அமெரிக்க டைரக்டர் ஸ்டீவன் ஸோடர்பர்க் 2002இல் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அளவில் படமாக்கினார். அது திறமையான படமே. ஆனால் பூமியில் நாம் கழித்த அந்த நீண்ட பொழுது அதில் இல்லை. ஆகவே பிரிவும் நம்மை அவ்வளவு வருத்துவதில்லை.

இன்று படங்களைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கும் அதில் வசதி இருக்கிறது. செய்தியை அறிய அது போதும். ஆனால் ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கவேண்டும் அல்லவா? இப்படங்களை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, இயன்ற அளவு பெரிய திரையில், ஒரே அமர்வில் பாருங்கள். முதல் அரைமணி நேரம் மனம் முரண்டு பிடிக்கும். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியைக் கைவிட்டு, இப்போது எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியதும் படம் தன் வழிக்கு நம்மை அழைத்துக்கொள்ளும்.

இரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கேட்பீர்களானால், விண்வெளி எத்தகையது என்பதை உணர்த்துவதில் ‘2001’ படத்துக்கு நிகரில்லை என்பேன். அங்கே செல்லும் மனிதன் எதைச் சுமந்து செல்கிறான் என்பதை உணர்த்துவது ‘சொலாரிஸ்’. ஊரை விட்டு வந்து, ஊரை உள்ளே சுமந்து வாழ்கிறவர்களுக்கு இரண்டாவது படமே ஒரு படி மேலானதாகத் தோன்றும் என்பது என் துணிபு. மாறுபட்டுச் சொல்வோர் இருக்கலாம். அவர்கள் இரண்டு படங்களையும் இறுதிவரை விழித்திருந்து பார்த்துவிட்டு வாதிடட்டும். அந்த வாதத்தை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன்.