அழ விடாத சபைக்குச் சிரிக்க ஏது உரிமை?



அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஆவடி டேங்க் பேக்டரி குடியிருப்பிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சபைகள்மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டு உண்டு. அழுகிறவனுக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது!

வருகிற வழியில் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆசீர்வாதக் கூட்டம், விடுதலைப் பெருவிழா, அற்புதப் பெருவிழா. துக்கப்படுகிறவர்களோடு உட்கார்ந்து அழ ஒரு கூட்டம் என்று எந்தச் சுவரிலாவது ஒட்டியிருந்ததா? டிசம்பர் 31 இரவு, புது வருஷத்துக்கென்று வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். உயர்வு வரும், பெருக்கம் வரும், சுகம் வரும். 88ஆம் சங்கீதம் யார் கைக்காவது வந்ததுண்டா? வராது. அது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம். சங்கீதங்கள் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். கர்த்தர் வேதத்தில் வைத்ததை நாம் அட்டைக் கட்டிலிருந்து உருவிவிட்டோம்.

துக்க வீட்டுக்கு வாருங்கள். பெட்டியின்மேல் விழுந்து ஒரு தாய் கதறுகிறாள். உடனே நாலு பேர் தோளைப் பிடித்துத் தூக்குகிறார்கள். "அழாதீங்கக்கா, தம்பி மகிமைக்குள்ள போயிட்டான். விசுவாசி அழலாமா?" தெருமுனைக்கு வந்ததும் அதே நாலு பேர், "அந்தம்மாவுக்கு விசுவாசக் குறைச்சல்" என்கிறார்கள்.

கேட்டால் தெசலோனிக்கேயர் நிருபத்தைக் காட்டுகிறார்கள். நன்றாகப் படியுங்கள் ஐயா! நம்பிக்கையற்றவர்கள் துக்கிக்கிற விதமாகத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று எங்கே எழுதினார்? பிலிப்பியருக்கு எழுதியதைச் சந்தோஷத்தின் நிருபம் என்கிறோம். சிறையிலிருந்து எழுதியது. அதன் இரண்டாம் அதிகாரத்திலேயே, வியாதியாய்க் கிடந்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் தன் துக்கம் இரட்டிப்பாகியிருக்கும் என்று ஒளிக்காமல் சொல்கிறார். பவுலுக்கு விசுவாசக் குறைச்சலா?

லாசருவை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் பெத்தானியாவில் கண்ணீர் விட்டார். வானம் திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஸ்தேவான் மரித்தார். அவர் எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தும், அவரை அடக்கம்பண்ணினவர்கள் பெரிதாகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்றும் சொல்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். டிசம்பர் நமக்கு ஸ்டார் கட்டுகிற மாதம், கேரல் ரவுண்ட்ஸ் போகிற மாதம். அதே டிசம்பர் நமக்கு என்ன செய்திருக்கிறது? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, வேளாங்கண்ணியில் சுனாமியாகக் கடல் ஏறியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில், பூந்தமல்லிக்குப் பக்கத்திலிருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றது. ஒவ்வொரு முறையும் சபைகள் அரிசி கொடுத்தன, பாய் கொடுத்தன. மறுக்கவில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சாட்சி நேரத்தில் யாரை எழுப்பினோம்? "என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஸ்தோத்திரம்" என்றவனை எழுப்பினோம். எல்லாம் போனவன் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

2020 ஏப்ரலை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர், கிறிஸ்தவர். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய முடியவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு கும்பல் கல்லெறிந்தது, ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. மனைவியும் மகனும் பாதியிலேயே திரும்பினார்கள். உடன் வேலை பார்த்த மருத்துவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். ஒரு குடும்பத்தைக் கல்லறையோரம் நின்று அழவிடாதது எத்தனை பெரிய கொடுமை என்று நாடே கொதித்தது. அந்தக் கும்பல் கல்லால் செய்ததை நாம் வசனத்தால் செய்துகொண்டிருக்கிறோம்!

"அப்படியானால் கிறிஸ்தவன் எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. வேண்டாம் தம்பி. சந்தோஷத்தைக் கண்டு முகம் சுளிக்கிற கூட்டமும் நம்மிடம் இருக்கிறது. அதற்கும் நான் எதிரிதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குறி சொல்லும் குறத்தியையே கிறிஸ்துவின் புகழ்பாட மேடையேற்றியவரிடம் போய், தாளம் உலகத்துக்குரியது என்று சொல்லிப் பாருங்கள்! அவருக்கு முன்பே வீரமாமுனிவர், பிள்ளையை இழந்த மரியாளின் துயரத்துக்கென்றே அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். கூத்தும் அழுகையும் நம் முன்னோர் நமக்குச் சேர்த்து வைத்த சொத்து. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தொலைத்துவிட்டோம். தொலைத்ததால் இருக்கிறதும் போலியாகிக்கொண்டு வருகிறது. உள்ளே அழுதுகொண்டு வெளியே கைதட்டுகிறவனின் துதியைச் சந்தோஷம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சபைப் பெரியோரிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். சாட்சி நேரத்தில், ஜெபத்துக்கு இன்னும் பதில் வராதவனும் எழுந்து பேசட்டும். அவன் பேசி முடித்ததும் யாரும் வசனத்தால் வாயை அடைக்காதீர்கள். கேரல் ரவுண்ட்ஸில், அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். முன்கூட்டிக் கேளுங்கள், சரி என்றால் டிரம்மை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். அடக்க ஆராதனையில் அழுகிற தாயைத் தூக்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அழுங்கள்.

இது என் சொந்த யோசனை இல்லை. சந்தோஷப்படுகிறவனோடு சந்தோஷப்படவும், அழுகிறவனோடு சேர்ந்து அழவும் ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இத்தனை காலம் முதல் பாதிக்கு மட்டும் கீழ்ப்படிந்தோம். இனி மறுபாதிக்கும் கீழ்ப்படியுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டு அமர்கிறேன்.